அம்மாயியின் மூன்று விளக்குகள்: எதற்கு எந்த எண்ணெய்?

மஸ்கெலியா மைந்தன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாயி (அம்மாவின் அம்மா) போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் அவர் இருந்த மலையகத் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவை (வரிசை வீட்டு அறையை) ஒதுங்க வைத்தோம். அடுப்புக்கு மேலே கரி பிடித்த பலகையில், பழைய சீலைத் துணியில் சுற்றி மூன்று விளக்குகள் இருந்தன.

ஒன்று மைப் போத்தலில் செய்த குப்பி லாம்பு. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தகரத்தைச் சுருட்டிக் குழலாகச் செருகியிருக்கிறார்கள். இரண்டாவது லாந்தர். அடியில் துரு, ஆனால் சிமினிக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாவது ஒரு சாண் உயரப் பித்தளைக் குத்துவிளக்கு. இந்தியாவிலிருந்து வரும்போது தன் அம்மா கையோடு கொண்டுவந்தது என்று அம்மாயி சொல்வார்.

கார்த்திகைக்கு மூன்றையும் ஏற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மூன்றுக்குமே தேங்காய் எண்ணெய் போதும் என்றார் டவுனில் ஒரு கடைக்காரர். நேற்று இரவு குத்துவிளக்கில் ஊற்றி ஏற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எரிந்தது. விடிய எழுந்து பார்த்தால் திரி பாதியில் கருகி நிற்கிறது, எண்ணெய் வெள்ளையாக மெழுகு மாதிரி உறைந்து கிடக்கிறது. எண்ணெய் கலப்படமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கந்தப்பளை அக்கா

தம்பி, எண்ணெயில் பிழை இல்லை, நம்முடைய குளிர்தான் காரணம். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பமே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் எங்கள் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அம்மா விடியற்காலையே எழுந்து போத்தலை அடுப்புக்கல் ஓரத்தில் வைத்துவிடுவார். நாங்கள் பீலியில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அது ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிந்து, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டி மிதக்கும். அந்த இளஞ்சூட்டோடு தலையில் வைப்பார். இன்றைக்கும் அந்த வாசனை எனக்கு நினைவில் இருக்கிறது.

விளக்குக்கு நாங்கள் பாதி நல்லெண்ணெய், பாதி தேங்காய் எண்ணெய் கலப்போம். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது. காசு இடம் கொடுத்தால் நல்லெண்ணெய் மட்டுமே ஊற்று. நெய் தீபம் என்றால் வேறு வழி. நெய்யை உருக்கி, திரியை அதில் முக்கி எடுத்து, ஆறவைத்து அகலில் வைத்துவிடுவோம். உறைந்த நெய்யைச் சுடரே கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிக் குடிக்கும்.

மாத்தளைப் பக்கம்

நாங்கள் கீழ்ப்பக்கம். தேங்காய் எண்ணெய் உறைவதெல்லாம் எங்களுக்குப் புதுச் செய்தி. எங்கள் தாத்தா இலுப்பை எண்ணெய்தான் கோவில் விளக்குக்குச் சிறப்பு என்பார். சிங்கள ஆட்கள் ‘மீ’ மரம் என்று சொல்வது இந்த இலுப்பைதான். அதையும் முயற்சி செய்து பார்க்கலாமே.

கந்தப்பளை அக்கா

இலுப்பை எண்ணெயும் குளிருக்கு உறைகிற சாதி, தம்பி. மேலே இருக்கிறவர்களுக்குச் சரிவராது. ஆமணக்கு எண்ணெய் கிடைத்தால் சொல்லுங்கள். உறையாது, மெதுவாக எரியும், கரியும் குறைவு. சும்மாவா அதற்கு விளக்கெண்ணெய் என்று பெயர் வைத்தார்கள்!

கொட்டகலை வாத்தியார்

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று விளக்குக்கும் ஒரே எண்ணெய் என்று சொன்னவர் விளக்கின் உருவத்தைப் பார்க்கவில்லை. எந்த விளக்கும் அதன் எண்ணெய்க்கு ஏற்றபடிதான் உருவாகியிருக்கிறது.

அம்மாயியின் குத்துவிளக்கையும் குப்பி லாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குத்துவிளக்கின் தகழி (எண்ணெய் ஊற்றும் கிண்ணம்) ஆழமில்லாதது. திரி எண்ணெயிலேயே படுத்துக் கிடந்து, நுனி மட்டும் விளிம்பில் எட்டிப் பார்க்கிறது. சுடருக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு விரல் தூரம்கூட இல்லை. ஏன் அப்படி? நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆமணக்கெண்ணெய் எல்லாம் தடிப்பானவை. பஞ்சு வழியாக மெல்லத்தான் ஏறும், அதிக உயரத்துக்கு வேண்டிய அளவு வந்து சேராது. சுடர் கேட்கிற வேகத்துக்கு எண்ணெய் வராவிட்டால் திரியே எரிந்து கரியாகும். அதனால்தான் எண்ணெயைச் சுடரின் காலடியிலேயே வைத்தார்கள்.

குப்பி லாம்பில் எண்ணெய் போத்தலின் அடியில், சுடர் மூடிக்கு மேலே. மண்ணெண்ணெய் மெல்லியது. அந்தத் தூரத்தை அது சளைக்காமல் ஏறிவரும். அதில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் உறையாத ஊரில்கூட ஒழுங்காக எரியாது.

ஐரோப்பாவிலும் இதே பிரச்சினை இருந்தது. அவர்கள் கடுகு இனத்து விதை எண்ணெயையும் திமிங்கில எண்ணெயையும் எரித்தார்கள். 1780-ல் ஆர்கண்ட் என்ற ஜெனீவாக்காரர் நடுவில் காற்றுப் போகும் வட்டத்திரியைக் கண்டுபிடித்தார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. ஆனால் எண்ணெய் தடிப்பு என்பதால் தொட்டியைச் சுடரின் மட்டத்திலேயே பக்கவாட்டில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் எப்போதும் தொட்டியின் நிழல் விழும். 1850-களில் மண்ணெண்ணெய் வந்ததும் தொட்டி சுடருக்கு நேர் கீழே இறங்கிவிட்டது, நிழலும் போயிற்று. லூகாசியேவிச் என்ற மருந்தாளர் செய்த மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் 1853-ல் ல்விவ் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இரவுச் சத்திர சிகிச்சை நடந்தது. அந்த உருவம்தான் இறங்கி இறங்கி நம்முடைய மைப் போத்தல் வரைக்கும் வந்தது.

இப்போது முக்கியமானது. தம்பி, குத்துவிளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகை அளவிலிருந்தே தீப்பிடிக்கக்கூடும். திறந்த பித்தளைத் தகழி சுடரால் சூடாகி அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும், பிறகு திரி மட்டும் அல்ல, மேற்பரப்பு முழுவதும் எரியும். தாவர எண்ணெய் அப்படியல்ல. 200 பாகைக்கு மேல் சூடானால்தான் அதன் மேற்பரப்பில் நெருப்புப் பிடிக்கும். அகல் விளக்கு கவிழ்ந்தால் பெரும்பாலும் அணைந்துபோவதற்கும், குப்பி லாம்பு கவிழ்ந்தால் பாய் பற்றிக்கொள்வதற்கும் காரணம் அதுதான்.

ஊவாக் குயில்

வாத்தியார் சேர் சொன்ன கடைசி வரிக்காக எழுதுகிறேன். இதுவரைக்கும் எங்கேயும் எழுதாதது.

நாங்கள் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, சித்தி மகளுக்கு ஏழு. ஒரே காம்பராவில் ஒன்பது பேர். தரையில் பாயைப் போட்டு, நடுவில் குப்பி லாம்பை வைத்து, அதைச் சுற்றி வட்டமாகப் படுத்துக்கொண்டு எழுதுவோம். லாம்பு ஜாம் போத்தலில் செய்தது. உயரமான போத்தல், மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், திருகு இல்லை. அவள் அழிறப்பரை எடுக்க எட்டினாள், முழங்கை பட்டது. போத்தல் சாய்ந்து, உருண்டு, மூடி தனியாகக் கழன்றது. அவளுடைய கவுன் நைலான். அதற்கு மேல் எழுதவில்லை. பிழைத்தாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கழுத்தில் அந்த அடையாளம் இருக்கிறது.

நம் நாட்டு வைத்தியர் ஒருவர் இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. இப்படி எரிந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்தவர், லாம்பையே மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார். மார்மைட் (பாணில் பூசும் பசை) போத்தலைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. குட்டை, கனம், லேசில் கவிழாது. இரண்டு பக்கமும் தட்டை, கவிழ்ந்தாலும் உருளாது. மூடி திருகு, எண்ணெய் கொட்டாது. 1992-ல் ‘சுதீப’ என்ற பெயரில் அந்தப் பாதுகாப்பு லாம்பு வந்தது. 1998-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எங்கள் தோட்டத்துக்கு அது வருவதற்குள் இது நடந்து முடிந்துவிட்டது.

மைந்தன் தம்பி, அந்த மைப் போத்தலைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள். கழுவி, துடைத்து வையுங்கள். பார்க்க அது போதும்.

மஸ்கெலியா மைந்தன்

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். குப்பி லாம்பை ஏற்றப்போவதில்லை.

தலவாக்கலை ரயில்

குறுக்கே ஒரு சந்தேகம். எங்கள் அப்பாயி குப்பி லாம்பிலும் லாந்தரிலும் இரண்டு கல் உப்பு போடுவார். எண்ணெய் மிச்சமாகும், சடசடக்காது என்பார். இது உண்மையா, வெறும் நம்பிக்கையா?

கொட்டகலை வாத்தியார்

எண்ணெய் மிச்சமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உப்பு மண்ணெண்ணெயில் கரையாது, அடியில் அப்படியே கிடக்கும். சுடரோடு அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் சடசடப்பு என்று சொன்னாரே, அதைத் தள்ளிவிட முடியாது. நம் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் எண்ணெயில் ஈரம் சேரும். திரியில் தண்ணீர் ஏறினால் சுடர் சடசடத்து மங்கும். உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில்கூட மண்ணெண்ணெயின் ஈரத்தைப் போக்க உப்புப் படுகை வழியாக அதை விடுகிறார்கள். அப்பாயி அனுபவத்தில் கண்டதுதான்.

இன்னொன்று. மண்ணெண்ணெய் போதவில்லை என்று கொஞ்சம் பெற்றோல் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பிடிக்கும். அப்படிக் கலந்த விளக்கு வெடிகுண்டு.

ஹட்டன் லாந்தர்க்காரன்

லாந்தர் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அப்பா ஹட்டனில் தகர வேலை செய்தவர். லாந்தர், புனல், பூவாளி எல்லாம் பற்றவைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பழகியதைச் சொல்கிறேன்.

முதலில் தொட்டி. வெளித்துரு பரவாயில்லை, உள்துருதான் ஆபத்து. ஒரு பிடி சின்னக் கற்களைப் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பேப்பரின் மேல் ஒரு இரவு வையுங்கள். காலையில் பேப்பரில் ஈர வட்டம் இருந்தால் ஓட்டை இருக்கிறது, ஏற்ற வேண்டாம். வட்டம் இல்லாவிட்டால் நல்லது.

திரி போகிற தலைப் பாகத்தைக் கழற்றி, அப்பச்சோடா போட்ட தண்ணீரில் கொதிக்க விடுங்கள். பல வருசத்துப் பிசின் கரைந்து வரும். அடியில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் அடைபட்டிருந்தால் ஊசியால் குத்தித் திறக்க வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே வரும் குழாய்களைப் பாருங்கள். அவை கைபிடிக்க அல்ல. காற்றைக் கீழே சுடருக்குக் கொண்டுவருவதற்கு. அதனால்தான் காற்றடித்தாலும் லாந்தர் அணைவதில்லை. கொழுந்து மலையில் மழை அடிக்கும்போது அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதை லயத்து இஸ்தோப்பிலிருந்து (முன் திண்ணையிலிருந்து) பார்த்துக்கொண்டே இருப்பேன். மூடுபனிக்குள் முதலில் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும், பிறகு கால் தெரியும், கடைசியாகத்தான் அப்பாவின் முகம்.

திரியை நேராக வெட்டி, இரண்டு மூலையையும் ஒரு நூலளவு சரித்து வெட்டுங்கள். மூலை நீண்டால் சுடர் கொம்பு முளைத்துச் சிமினியைக் கரியாக்கும். ஏற்றியவுடன் திரியை உயர்த்த வேண்டாம். ஐந்து நிமிடம் தாழ்வாக எரிந்து கண்ணாடி சூடாகட்டும். எங்கள் வீட்டில் சிமினி உடைந்ததெல்லாம் கூரைத் தகரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சூட்டுக் கண்ணாடியில் விழுந்துதான். புதுச் சிமினி வாங்கினால் அப்பா பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் மெதுவாகக் கொதிக்க விட்டு, அப்படியே ஆற விடுவார். துடைக்கும்போது அடுப்புச் சாம்பலும் பேப்பரும். ஈரத்துணி வேண்டாம்.

மஸ்கெலியா மைந்தன்

மிகவும் நன்றி அண்ணா. இரவே பேப்பரில் வைத்துவிட்டேன். திரி எங்கே வாங்குவது?

காமன் பொட்டல்

லாந்தரைச் சொல்லிவிட்டு பெட்ரோமாக்சை விட முடியுமா? எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து (மதன், ரதி கதை ஆட்டம்) நடக்கும்போது ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ்தான், அதையும் டவுனில் வாடகைக்கு எடுப்பார்கள். ஏற்றுவதற்கென்று ஒரு மாமா இருந்தார். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, குழாய் சூடேறும் வரைக்கும் காத்திருப்பார். நாங்கள் சுற்றி நின்று மூச்சுக் காட்ட மாட்டோம். பிறகு பம்பை அடிப்பார். மண்ணெண்ணெய் ஆவியாகி வலைக்குள் சீறும். சாம்பல் நிறத்தில் தொங்கிய வலை ஒரு நொடியில் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். திரியே இல்லாத விளக்கு அது. ஒளி தருவது அந்த வலை, சூட்டில் ஒளிரும் தோரியம் ஒட்சைட்டு. இப்படி ஒளிரும் வலையை முதலில் வெல்ஸ்பாக் என்ற ஒஸ்திரியர் 1885-ல் கண்டுபிடித்தார். ஒரு லீற்றர் எண்ணெய் எட்டு மணி நேரம் வரும், ஆட்டம் விடியும்வரை என்பதால் கணக்கு சரியாக இருக்கும். வலையை மட்டும் தொடக்கூடாது, எரிந்த பிறகு அது வெறும் சாம்பல், விரல் பட்டால் உதிரும்.

மதனும் ரதியும் பொட்டலுக்கு வரும்போது பெட்ரோமாக்சைத் தள்ளி வைத்துவிட்டுத் தீப்பந்தம் பிடிப்பார்கள். மதன் எரிகிற கட்டத்துக்குப் பந்தத்து வெளிச்சம்தான் சரி. எத்தனை டியூப் லைட் போட்டாலும் அந்த முகங்கள் அப்படித் தெரியாது.

தலவாக்கலை ரயில்

எனக்கு வேறொரு ஆற்றாமை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1912-லேயே நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே பிளாக்பூலில் ஆற்று நீரில் மின்சாரம் எடுத்துக் காட்டினார். லக்சபான நீர்மின் நிலையம் 1950-ல் ஓடத் தொடங்கியது. எங்கள் லயத்துக்கு மேலேயே பெரிய கம்பிகள் போயின, ஈரமான நாட்களில் அவை உறுமும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தின் கீழே உட்கார்ந்து குப்பி லாம்பில் படித்தேன். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது 1990-களின் நடுவில். அதுவரைக்கும் காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

மஸ்கெலியா மைந்தன்

எங்கள் ஊர்க் கதை இன்னும் கூட. மவுஸ்ஸாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போயிற்று. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோவில் வெளியே தெரியும். அம்மாயி அந்த டவுனில் மண்ணெண்ணெய் வாங்கியவர். கால் போத்தல், அரைப் போத்தல் என்றுதான் வாங்குவாராம். ஊர் முழுகி வெளிச்சம் கொழும்புக்குப் போனது, அவர் கையில் மைப் போத்தல் இருந்தது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கந்தப்பளை அக்கா

கோபம் நியாயம்தான் தம்பி. நாட்டில் நெருக்கடி வந்த 2022-ல் என்ன பாடுபட்டோம்! மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டு. பரணில் கிடந்த லாந்தரை எல்லாம் இறக்கினோம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றால் நம் முறை வரும்போது முடிந்துவிடும். ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அன்றைய சம்பளத்தில் யாரால் வாங்க முடியும்? கவ்வாத்து மிலாறைக் (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை) கூட்டி அடுப்பெரித்து, அந்த அடுப்பு வெளிச்சத்திலேயே பிள்ளைகள் படித்தார்கள்.

ஹட்டன் லாந்தர்க்காரன்

தம்பி, திரி ஹட்டன் டவுனில் பழைய இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்கப் போகும்போது தலைப் பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். அகலம் ஒரு நூல் கூடினாலும் நுழையாது, குறைந்தால் பக்கத்தில் புகை கக்கும்.

மஸ்கெலியா மைந்தன்

கார்த்திகை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

பேப்பரில் ஈரம் இல்லை, தொட்டி நன்றாக இருக்கிறது. குத்துவிளக்குக்கு அக்கா சொன்னபடி முழுக்க நல்லெண்ணெய். மாலை ஆறு மணிக்கு ஏற்றினோம். மழைத் தூறலும் காற்றும் இருந்ததால் இஸ்தோப்பில் வைத்த அகல்கள் நாலைந்து அணைந்தன, அம்மா திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருந்தார். லாந்தரை வாசலில் தொங்கவிட்டோம். ஐந்து நிமிடம் தாழ்வாக வைத்து, பிறகு திரியை உயர்த்தினேன். சுடர் கொம்பில்லாமல், நகம் மாதிரி வளைவாக நின்றது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வந்து திருகாணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

குப்பி லாம்பைக் கழுவி, அம்மாயியின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். உள்ளே எண்ணெய் இல்லை. எத்தனை தரம் கழுவினாலும் மூடியிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை. அம்மா போக வேண்டாம் என்கிறார்.

காலை நாலரைக்கு எழுந்து பார்த்தேன். குத்துவிளக்கில் எண்ணெய் உறையவில்லை, இரண்டு திரி எரிந்துகொண்டிருந்தன. வாத்தியார் சேர், ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: தகழியின் விளிம்பில் பச்சையாகப் படிந்திருக்கிறதே, அதைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கொட்டகலை வாத்தியார்

தாராளமாக. பழப்புளியும் கொஞ்சம் உப்பும். தேய்த்தவுடன் நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்து எடுத்து வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுபடி பச்சை பிடிக்கும்.